கந்தப்பளை வீட்டுக்குப் புது ஹீட் பம்ப்: பழையதைக் கழற்றும் முன் என்ன பார்க்க வேண்டும்?

கந்தப்பளைக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் கந்தப்பளையில் எங்கள் வீடு. காற்றிலிருந்து சூட்டை இழுத்துத் தண்ணியைச் சூடாக்குகிற சுடுதண்ணி ஹீட் பம்ப் நின்றுவிட்டது. புதுசு எடுக்க யோசனை. விவரம் முழுவதையும் முதலே போட்டுவிடுகிறேன்.

இருப்பது 200 லீற்றர். டேங்க்கும் மெஷினும் ஒரே உடம்பாக நிற்கிற வகை, உள்ளே சூட்டைக் கொண்டுபோகிற கேஸ் ஆர்-134ஏ, ஒன்பது வருஷப் பழசு. ஸ்டார்ட் ஆகும்போது டிரிப் சுவிட்ச் விழுகிறது. டேங்க் அடியில் துரு நிறத்தில் ஈரமும் தெரிகிறது. வீட்டில் ஐந்து பேர், இரண்டு பாத்ரூம். கரண்ட் சிங்கிள் ஃபேஸ், 30 அம்பியர். கூரை டேங்க் 1000 லீற்றர், ஷவருக்கு 3 மீற்றர் மேலே. மலையிலிருந்து பைப்பில் வருகிற ஊற்றுத் தண்ணி. ஜனவரி, பெப்ரவரியில் விடிய எழும்பினால் புல்லெல்லாம் வெள்ளையாக இருக்கிற இடம்.

கடையில் மூன்று காட்டினார்கள். ஒன்று அதே மாதிரி 200 லீற்றர். இரண்டாவது 300 லீற்றர் ஸ்பிளிட், டேங்க் உள்ளே, மெஷின் வெளியே, ஆர்-410ஏ. மூன்றாவது 250 லீற்றர், ஒரே உடம்பு, ஆர்-290. எதை எடுப்பது?

குளிர்பொறி

தம்பி, எதை எடுப்பது என்பது இரண்டாவது கேள்வி. பழையது எதனால் போனது என்று தெரியாமல் புதுசை அதே இடத்தில், அதே தண்ணியில், அதே எர்த்தில் மாட்டினால் அதுவும் அதே வழியில் போகும்.

டிரிப் சுவிட்ச் விழுந்தால் எல்லாரும் உடனே கேஸை அழுத்துகிற கொம்ப்ரசர்தான் பழுது என்கிறார்கள். முதல் சந்தேகம் எலிமென்ட் மேல் போக வேண்டும். டேங்க் உள்ளே, தண்ணியை நேராகக் கரண்டில் சூடாக்குகிற 1.5 கிலோவாட் எலிமென்ட் இருக்கும். அதன் உறையில் ஊசித் துளை விழுந்து ஈரம் ஏறினால் கரண்ட் எர்த்துக்குக் கசியும். 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் அதற்கே விழும். மெயினை நிறுத்தி, எலிமென்ட் வயர் இரண்டையும் கழற்றி, நுனிகளை டேப் சுற்றி வைத்து மெஷினை ஓட்டிப் பாருங்கள். விழவில்லை என்றால் குற்றவாளி எலிமென்ட்.

அதற்குப் பிறகும் விழுந்தால் கொம்ப்ரசர் டெர்மினலுக்கும் உடம்புக்கும் இடையில் 500 வோல்ட் மெகர் (கசிவைக் காட்டும் மின்தடை மீற்றர்) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெக்ஓமுக்குக் கீழே என்றால் சுருள் போய்விட்டது என்று ஓரளவு நம்பலாம். ஆனால் குளிர் காலையில் அளந்த கணக்கை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ராத்திரி முழுக்க நின்ற கொம்ப்ரசரில் திரவக் கேஸ் எண்ணெயோடு கலந்து கிடக்கும். அப்போது நல்ல கொம்ப்ரசர்கூடக் குறைவாகக் காட்டும். கொம்ப்ரசர் வயிற்றைச் சூடாக்கிவிட்டு இரண்டாம் தரம் அளக்க வேண்டும்.

டிரிப் சுவிட்ச் விழவில்லை, ஆனால் கொம்ப்ரசர் முனகிவிட்டு நிற்கிறது என்றால் அது வேறு கதை. கொம்ப்ரசர் ஓட உதவுகிற ரன் கப்பாசிட்டரைக் கழற்றி அளந்து பாருங்கள். மேலே எழுதிய மைக்ரோஃபரட் எண்ணிலிருந்து 10 வீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் மாற்ற வேண்டும். அதற்காகப் புது மெஷின் வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

டேங்க் அடி ஈரம்தான் உங்கள் விஷயத்தில் முடிவைச் சொல்லும். அது மேலேயுள்ள சேஃப்டி வால்விலிருந்து வழிகிறதா, இணைப்பிலிருந்தா, காற்றிலிருந்து சூட்டை எடுக்கிற காயிலில் (தகடு பொருத்திய குழாய்ச் சுருள்) சொட்டும் தண்ணி போகிற ட்ரெயின் பைப் அடைத்து வழிகிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் துடைத்து, பழைய பேப்பர் சுற்றி, ஒரு ராத்திரி விட்டால் தெரிந்துவிடும். வெளித் தகரத்துக்கும் டேங்க்குக்கும் நடுவிலுள்ள ஃபோமிலிருந்து துரு நிறத்தில் கசிந்தால் டேங்க் ஓட்டை. அதற்கு மருந்து கிடையாது.

கந்தப்பளைக்காரன்

பார்த்தேன் அண்ணே. எலிமென்டைக் கழற்றினால் டிரிப் விழவில்லை. ஆனால் ஈரம் ஃபோமிலிருந்துதான் வருகிறது. பேப்பர் அடியில் மஞ்சளாக ஊறியிருந்தது.

பீலித்தண்ணி

அப்படியானால் மெஷின் நல்லது, டேங்க் செத்தது. ஊற்றுத் தண்ணி வீடுகளில் வழக்கமாக இந்த வரிசையில்தான் போகும். எலிமென்ட் உறையும் டேங்க்கும் ஒரே காரணத்தால் போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

பாத்ரூம் பேசினில், டேப் சொட்டுகிற இடத்துக்கு நேர் கீழே, நீலப் பச்சையாகக் கோடு விழுந்திருக்கிறதா? மயில்துத்த நிறம். இருந்தால் தண்ணி புளிப்பு. செப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. எங்கள் பக்க ஊற்றுத் தண்ணியில் உப்பும் சுண்ணாம்பும் குறைவு. குடிக்க அருமை, டேங்க்குக்கு எமன். மென்மையான தண்ணி எதையாவது கரைத்து வயிறு நிறைக்கப் பார்க்கும். பதுளை, வெலிமடைப் பக்கம் சில இடங்களில் சுண்ணாம்புப் பாறை உண்டு. அங்கே தண்ணி கடினமாகி எலிமென்டில் வெள்ளைப் பொருக்கு ஏறும். ஆகவே அடுத்த ஊர்க்காரர் சொன்னதைக் கேட்டு டேங்க் வாங்காதீர்கள். புளிப்பை அளக்கிற பி.எச் பட்டி ஒன்று வாங்கி உங்கள் தண்ணியிலேயே நனைத்துப் பாருங்கள்.

இனி அனோட். எனாமல் பூசிய இரும்பு டேங்க்குக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் தான் கரைந்து சாவதுதான் அதன் வேலை. மென்மையான தண்ணிக்கு மெக்னீசியம்தான் சரி. அலுமினியக் கம்பி கடினத் தண்ணிக்கு. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார், ஒன்றல்ல. வருஷம் ஒரு தரம் கழற்றிப் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள இரும்புக் கம்பி எங்காவது வெளியே தெரிந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும். உங்களுடையது ஒன்பது வருஷத்தில் ஒரு தரமாவது மாற்றப்பட்டதா?

கந்தப்பளைக்காரன்

பேசினில் நீலக் கோடு இருக்கிறது அக்கா. அப்படி ஒரு கம்பி இருப்பதே இப்போதுதான் தெரியும்.

பீலித்தண்ணி

புது டேங்க் எடுக்கும்போது மூன்று விஷயம். எனாமல் டேங்க் என்றால் அனோட் மேலிருந்து கழற்றக்கூடியதா, அதை உருவ மேலே எவ்வளவு இடம் வேண்டும் என்று கேளுங்கள். கம்பி இரண்டு மூன்று அடி நீளம் வரும். கூரை இடித்தால் வெளியே எடுக்க முடியாது, பிறகு யாரும் எடுக்கவும் மாட்டார்கள். ஸ்டெயின்லெஸ் டேங்க் என்றால் ஸ்டீல் தரம் 304ஆ 316எல்ஆ என்று கேளுங்கள். உப்பில்லாத மலைத் தண்ணிக்கு 304 தாங்கும். ஆனால் கூரை டேங்க்கில் ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டுகிற வழக்கம் இருந்தால் குளோரைடு வெல்டிங் தையலைத் தின்னும். அப்போது 316எல் மேல்.

மூன்றாவது, பி.எச் 6.5க்குக் கீழே வந்தால் டேங்க்குக்கு முன்னால் கால்சைட் (சுண்ணாம்பு வகை) கல் போட்ட வடிகட்டி ஒன்று வையுங்கள். கல் கரைந்து தண்ணியின் புளிப்பை எடுக்கும். வருஷத்துக்கு ஒன்றிரண்டு தரம் மேலே நிரப்ப வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு வலை வடிகட்டி. மழை பெய்த மறுநாள் ஊற்றுத் தண்ணி என்ன நிறத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

செப்பையும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) இணைப்பையும் நேராகச் சேர்க்க வேண்டாம். நடுவில் பித்தளையோ மின்காப்பு யூனியனோ இருக்க வேண்டும். செப்பு கரைந்து வந்து ஜி.ஐ.மேல் படிந்தால் அந்த இடத்தில் சீக்கிரமே ஓட்டை.

ஊவாக் காற்று

200ஆ, 250ஆ, 300ஆ என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. கணக்குப் போட்டே பார்ப்போம்.

ஒருவர் குளிக்க 40 பாகைத் தண்ணி 55 லீற்றர் என்று வைப்போம். ஐந்து பேருக்கு 275 லீற்றர். டேங்க்கில் 55 பாகையில் 200 லீற்றர் இருக்கிறது. கொழும்பில் பச்சைத்தண்ணி 27 பாகை. ஒரு லீற்றர் சுடுதண்ணியோடு கலந்தால் (55–27) ÷ (40–27), அதாவது 2.15 லீற்றர் குளிக்கும் தண்ணி வரும். 200 லீற்றர் டேங்க் 430 ஆகிறது. உங்கள் குழாயில் வருவது 15 பாகை. (55–15) ÷ (40–15) = 1.6. அதே டேங்க் 320தான். கடைசி 15 வீதம் பச்சைத்தண்ணியோடு கலங்கிப் போகும், மிச்சம் 272. ஐந்து பேருக்கு மட்டுமட்டாக. விருந்தாளி வந்தால் கடைசி ஆள் நடுங்குவார். கொழும்பு ஷோரூமில் "ஐந்து பேருக்கு 200 தாராளம்" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை, அவர் ஊர்த் தண்ணிக்குச் சொல்கிறார்.

250 லீற்றர் உங்களுக்குப் பொருத்தம். 300 வேண்டாம். பயன்படாத சூடு டேங்க் சுவர் வழியாக ஒரு நாளைக்கு ஒரு யூனிட்டுக்கு மேல் கசியும், அதையும் மறுபடி சூடாக்க வேண்டும்.

செலவுக் கணக்கு: ஒரு லீற்றரை ஒரு பாகை உயர்த்த 1.163 வாட்-மணி. 275 லீற்றரை 25 பாகை உயர்த்த 275 × 25 × 1.163 = சுமார் 8,000 வாட்-மணி, அதாவது 8 யூனிட் வெப்பம். எலிமென்டில் செய்தால் 8 யூனிட் கரண்ட். சி.ஓ.பி 3 (ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு) உள்ள ஹீட் பம்ப்பில் 2.7. மாதத்துக்கு 240க்கு எதிராக 80. படிமுறை பில்லில் யூனிட் கூடக் கூட விலையும் ஏறும் என்பதால், இந்த 160 யூனிட் வித்தியாசம் பெரும்பாலும் விலை கூடிய படியிலேயே விழும்.

பண்டாரவளை மேடு

சி.ஓ.பி 3 எல்லாருக்கும் கிடைக்குமா? எங்கள் பக்கம் பிரச்சினையே இல்லை, சாதாரண மாடல் போதும். உறைபனி, டிஃப்ராஸ்ட் (காயிலில் பிடிக்கும் பனியை உருக்குவது) என்று பயமுறுத்தி விலை கூடின மெஷினை விற்கப் பார்க்கிறார்கள் என்றே படுகிறது.

குளிர்பொறி

உங்கள் இடத்துக்கு நீங்கள் சொல்வது சரி. பண்டாரவளை 1,200 மீற்றர் சொச்சம். நுவரெலியா 1,868. அங்கே ராத்திரி வெப்பம் ஜனவரியில் பூச்சியத்தை ஒட்டிப் போகும். ஒரே மலையகம் என்றாலும் மெஷினுக்கு இரண்டும் இரண்டு நாடு.

பிரச்சினை குளிர் மட்டுமில்லை, ஈரத்தோடு சேர்ந்த குளிர். காற்றிலிருந்து சூட்டை இழுக்க வேண்டுமானால் காயில் காற்றைவிட ஏழெட்டு பாகை குளிர்ந்திருக்க வேண்டும். காற்று 6 பாகை என்றால் காயில் பூச்சியத்துக்குக் கீழே. நம் காற்றில் ஈரம் 90 வீதத்துக்கு மேல். அந்த ஈரம் அப்படியே காயிலில் பனியாகப் பிடிக்கும். உலர்ந்த ஊரில் மைனஸ் 5இல் ஓடுகிற மெஷின், நம் ஊரில் பிளஸ் 4இல் அதைவிட மோசமாகத் திணறலாம். முதலில் தகட்டு விளிம்புகளில் உப்புத் தூவினது மாதிரித் தெரியும். பிறகு தகடுகளுக்கு இடையில் வெள்ளை நிரம்பும். ஃபேன் சத்தம் கனமாகும். கடைசியில் காற்றே போகாது.

இதற்கு இரண்டு வகை வைத்தியம் உண்டு. மலிவு மாடலில் கொம்ப்ரசரை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட்டி வெளிக்காற்றால் பனியை உருக்குவார்கள். வெளிக்காற்றே 3 பாகை என்றால் அது எப்போது உருகும்? நல்ல மாடலில் நாலுவழி வால்வைத் திருப்பியோ, சூட்டுக் கேஸைப் பைபாஸ் பண்ணியோ சில நிமிஷத்தில் உருக்கிவிடும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி: "டிஃப்ராஸ்ட் எந்த முறை?" பதில் தெரியாவிட்டால் சர்வீஸ் மனுவலைக் காட்டச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமான வரி, ஸ்பெக் தாளில் "இயங்கும் வெளி வெப்பநிலை". வெப்ப நாடுகளுக்குச் செய்கிற சில மாடல்களில் 7 பாகைக்குக் கீழே கொம்ப்ரசர் ஓடாது. போர்டு சத்தமில்லாமல் எலிமென்டுக்கு மாற்றிவிடும். தண்ணி சூடாகவே வரும், வீட்டுக்காரர் மெஷின் நன்றாக ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார், பெப்ரவரி பில் வரும்போதுதான் தெரியும். உங்களுக்கு மைனஸ் 5 வரையாவது ஓடுகிற மாடல் வேண்டும். தாளில் பெரிய எழுத்தில் போடுகிற சி.ஓ.பி பெரும்பாலும் 20 பாகைக் காற்றுக்கோ அதற்கும் மேலோ அளந்தது. 7 பாகைக்கும் 2 பாகைக்கும் என்ன என்று கேளுங்கள்.

இன்னொன்று, உயரம். 1,900 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் அள்ளுகிற காற்றின் எடை குறைவு. ஆகவே தாளில் உள்ள வெப்பத் திறனை அப்படியே நம்பாமல் கொஞ்சம் கழித்து எடுங்கள்.

ஊவாக் காற்று

அதனால்தான் டைமரைப் பகல் 11 மணியிலிருந்து 3 மணிக்கு வைக்கச் சொல்வது. அப்போது வெளியே 18, 20 பாகை இருக்கும்.

எர்த் கம்பி

நேரத்துக்கு நேரம் விலை மாறும் கட்டண முறையில் இருப்பவர்களுக்கு ராத்திரி 10.30இலிருந்து விடிய 5.30 வரை மலிவு. அதை ஏன் விட வேண்டும்?

ஊவாக் காற்று

பகலில் சி.ஓ.பி 3.3 என்றும் விடியப்புறம் 2.3 என்றும் வைத்துப் பாருங்கள். அதே தண்ணிக்கு ராத்திரியில் நாற்பது வீதத்துக்கு மேல் கூடுதல் கரண்ட். ராத்திரி விலை பகல் விலையில் எழுபது வீதத்துக்குக் கீழே இருந்தால்தான் லாபம். உங்கள் பில்லில் இரண்டு விலையையும் பார்த்து வகுத்துப் பாருங்கள். கூரையில் சோலார் பேனல் இருந்தால் பகல்தான், யோசிக்கவே வேண்டாம். மாலை 6.30 – 10.30 உச்ச நேரம் எந்தக் கணக்கிலும் வேண்டாம்.

எர்த் கம்பி

ஒத்துக்கொள்கிறேன். கந்தப்பளைக்காரனுக்குச் சாதாரணப் படிமுறை பில் என்றால் பகல்தான்.

சரி, வயரிங். கொம்ப்ரசர் 600 வாட், எலிமென்ட் 1500, இரண்டும் சேர்ந்தால் 9 அம்பியர் போல. தனி சேர்க்கிட், 2.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர், 16 அம்பியர் பிரேக்கர். குக்கர் ப்ளக்கில் மல்டி ப்ளக் போட்டு ஓட்ட வேண்டாம். இன்னொரு பாத்ரூமில் உடனடி ஷவர் ஹீட்டர் இருக்கிறதா? 5.5 கிலோவாட் என்றால் அது மட்டும் 24 அம்பியர் இழுக்கும். 30 அம்பியர் இணைப்பில் இரண்டும் ஒன்றாக ஓடாது.

எர்த்: மலையில் மண் ஆழமில்லை, கீழே கல். நாலடிக் கம்பியைப் பாதி இறக்கி, மிச்சத்தை வெட்டிவிட்டுப் போகிற வேலையைப் பல வீட்டில் பார்க்கலாம். எர்த் டெஸ்டர் வைத்து அளந்து 10 ஓமுக்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். ஒரு கம்பியில் வராவிட்டால் இரண்டாவதை, குறைந்தது ஒரு கம்பி நீளம் தள்ளி, ஈரம் நிற்கிற இடத்தில் இறக்கிச் சேர்க்க வேண்டும். மார்ச் – ஏப்ரலிலும் ஒக்டோபர் – நவம்பரிலும் பின்னேர இடி. அதற்கு டிபி போர்டில் டைப் 2 சர்ஜ் அரெஸ்டர். அதிலிருந்து எர்த் பாருக்குப் போகிற வயர் அரை மீற்றருக்குள் நேராகப் போக வேண்டும். சுருட்டி அழகாகக் கட்டினால் அரெஸ்டர் இருந்தும் பயனில்லை. இன்வேர்ட்டர் மாடல் என்றால் டிரிப் சுவிட்ச் டைப் ஏ.

கடைசியாக, பல்லி. குளிர் ராத்திரியில் இதமாக இருக்கிற ஒரே இடம் மெஷினின் பிசிபி (கட்டுப்பாட்டு போர்டு) பெட்டி. வயர் உள்ளே போகிற துளை வழியாக நுழைந்து 230 வோல்ட் தடங்கள் இரண்டுக்கு நடுவில் படுக்கும். காலையில் பல்லியும் போர்டும் சேர்ந்து கருகியிருக்கும். துளையெல்லாவற்றுக்கும் ரப்பர் கிளாண்ட் போட்டு, மிச்ச இடைவெளியை சிலிக்கனால் அடையுங்கள். காற்றுத் துவாரத்துக்கு நுண்ணிய ஸ்டீல் வலை. செலவு சில நூறு ரூபா.

கந்தப்பளைக்காரன்

பழைய போர்டில் ஒரு மூலையில் கறுப்பாக இருந்தது, அது இதுதானா தெரியவில்லை. சரி, கேஸ் பற்றிச் சொல்லுங்கள். ஆர்-290 என்றால் புரொப்பேன் என்று கேள்வி. வீட்டில் அம்மா வேண்டாம் என்கிறார்.

குளிர்பொறி

புரொப்பேன்தான். 2021 கடைசியில் சமையல் கேஸ் வெடிப்புகள் வீட்டுக்கு வீடு பேச்சாக இருந்த நாட்டில் அம்மா பயப்படுவது நியாயம். அளவைச் சொல்லுங்கள்: சமையல் சிலிண்டரில் 12.5 கிலோ. இந்த வகைச் சிறிய மெஷின் பலதில் 150 கிராமுக்குள். அதுவும் தொழிற்சாலையில் மூடிய செப்புக் குழாய்க்குள். நிபந்தனை இரண்டு. மெஷினைத் திறந்தவெளியில் வைக்க வேண்டும். புரொப்பேன் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு ஓடிக் குழியில் தேங்கும், ஆகவே பக்கத்தில் கானோ (வடிகால்) நிலவறை ஜன்னலோ விறகடுப்போ இருக்கக் கூடாது. இரண்டாவது, பிரேசிங் டார்ச்சோடு வந்து "கேஸ் கொஞ்சம் போட்டுவிடுகிறேன்" என்கிற ஆளைக் கிட்ட விடக் கூடாது.

மற்றதை ஒப்பிட்டால்: 60 பாகையில் ஆர்-134ஏ அழுத்தம் 17 பார் போல, ஆர்-290 21, ஆர்-410ஏ 38, ஆர்-32 39. ஆர்-410ஏ மெஷின்கள் பல 55 பாகைக்கு மேல் தண்ணியைக் கொண்டுபோகக் கஷ்டப்படுவது இதனால்தான். ஆர்-134ஏ சூட்டை உயர்த்தும், ஆனால் குளிரில் அதன் ஆவி மெலிந்து, கொம்ப்ரசர் ஒரு சுற்றில் அள்ளுவது குறைந்துவிடும். நுவரெலியா ராத்திரிக்கு ஆர்-290 இரண்டுக்கும் மேல். ஆர்-22 போட்ட பழைய ஸ்டொக்கை மலிவென்று யாராவது தந்தால் எடுக்காதீர்கள். 2030க்குள் மொன்றியல் உடன்படிக்கைப்படி நம்மைப் போன்ற நாடுகளிலும் அது கிட்டத்தட்ட முழுதாக நிற்கப் போகிறது.

ஸ்பிளிட் பற்றி எனக்கு ஒரு தயக்கம். மெஷின் வேறு, டேங்க் வேறு என்பதால் ஒன்று போனால் ஒன்றை மட்டும் மாற்றலாம் என்று விற்பார்கள். பல மாடலில் கண்டென்சர் குழாய் டேங்க்கைச் சுற்றியே இருக்கும். டேங்க் போனால் கேஸ் லைனையும் வெட்டித்தான் ஆக வேண்டும். மாட்டும்போதும் ஃபிளேர் (குழாய் வாயை விரித்துப் பூட்டுவது), நைட்ரஜன் அழுத்தச் சோதனை, 500 மைக்ரோன் வரை வெக்கியூம், எல்லாம் உங்கள் வீட்டு வாசலில் மழைக்கு நடுவில் நடக்க வேண்டும். ஆர்-410ஏ கொம்ப்ரசரில் இருக்கிற எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். மூடுபனியில் குழாய் வாயைத் திறந்து வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போகிற பாஸ்மார் (மெக்கானிக்மார்) இருக்கும்வரை ஒரே உடம்பு மெஷின்தான் மலைக்கு நல்லது.

ஹட்டன் மழை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். தண்ணிக்கில்லாமல் அறைச் சூட்டுக்கு ஏ.சி. ஹீட் பம்ப் போடுகிறவர்களுக்கும் இதே கணக்கா? 12க்கு 15 அடி அறை, தகரக் கூரை. 18,000 பி.டி.யூ சொல்கிறார்கள்.

ஊவாக் காற்று

அறையின் வெப்ப இழப்பைப் பாருங்கள். 17 சதுர மீற்றர் சீலிங், மேலே வெறும் தகரம்: ஒரு பாகை வித்தியாசத்துக்கு 50 வாட். வெளிச்சுவர் இரண்டு, 9 அங்குலச் செங்கல், 20 சதுர மீற்றர்: 40. ஒற்றைக் கண்ணாடி ஜன்னல் 4 சதுர மீற்றர்: 23. தரையும் கதவு இடுக்கில் போகிற காற்றும்: 30. மொத்தம் 143. உள்ளே 20, வெளியே 8 என்றால் 12 பாகை, 1.7 கிலோவாட். 9,000 பி.டி.யூ, அதாவது 2.6 கிலோவாட், போதும். குளிருக்குக் கழித்தாலும் போதும். சீலிங்குக்கு மேல் 50 மில்லிமீற்றர் கிளாஸ் வூல் விரித்தால் அந்த 50 வாட் 10 ஆகும். மெஷினுக்கு முன்னால் அதைச் செய்யுங்கள். 18,000 போட்டால் ஓடுவதைவிட நிற்பதுதான் கூட இருக்கும்.

பீலித்தண்ணி

கந்தப்பளைக்குத் திரும்புவோம், இன்னும் அழுத்தம் பேசவில்லை. கூரை டேங்க் 3 மீற்றர் மேலே என்றால் ஷவரில் 0.3 பார். சாதாரண ஷவருக்குப் பரவாயில்லை, மழை ஷவருக்குப் போதாது. அழுத்த மோட்டர் போடுவதென்றால் சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் பிரிவதற்கு முன்னால் போடுங்கள். பச்சைத்தண்ணி லைனில் மட்டும் போட்டால் மிக்சரில் அது சுடுதண்ணியைத் திருப்பித் தள்ளும்.

மோட்டர் போட்டால் திரும்பாவால்வு வந்துவிடும். 250 லீற்றர் 15இலிருந்து 60 பாகைக்குப் போனால் 4 லீற்றர் விரியும். போக இடமில்லாமல் சேஃப்டி வால்வு தினமும் சொட்டும். "வால்வு பழுது" என்று அடைப்பவர்கள் உண்டு. ஒருபோதும் செய்யாதீர்கள், டேங்க் குண்டாகிவிடும். 12 லீற்றர் எக்ஸ்பான்ஷன் வெசல் ஒன்று பச்சைத்தண்ணி நுழைகிற பக்கம் போட்டால் சொட்டு நிற்கும். மோட்டர் இல்லாமல் கூரை டேங்க்கிலேயே ஓட்டுவதென்றால் திரும்பாவால்வு வேண்டாம். சுடுதண்ணி லைனிலிருந்து ஒரு வென்ட் பைப் எழுப்பி, கூரை டேங்க் தண்ணி மட்டத்துக்கு மேலே ஒரு அடிக்குக் குறையாமல் கொண்டுபோய் வளைத்து விடுங்கள்.

சுடுதண்ணிக்குச் சாதாரண பி.வி.சி. வேண்டாம், 60 பாகையில் தொய்யும். பி.பி.ஆர் பிளாஸ்டிக் குழாய், பி.என் 20 அழுத்தத் தரம் எடுங்கள். 25 மில்லிமீற்றர் குழாயில் மீற்றருக்கு 0.2 லீற்றர் சொச்சம் நிற்கும். 15 மீற்றர் ஓடினால் ஒவ்வொரு தரமும் 3 லீற்றர் பச்சைத்தண்ணி வந்தபிறகுதான் சூடு. தூரத்தைக் குறையுங்கள், 19 மில்லிமீற்றர் ரப்பர் ஃபோம் சுற்றுங்கள். வாரம் ஒரு தரம் 60 பாகைக்கு ஏற்றுகிற, கிருமி கொல்லும் செட்டிங்கை நிறுத்திவிடாதீர்கள்.

குளிர்பொறி

இடம்: ஒன்றரை அடி உயரக் கொங்ரீட் மேடை. குளிர்காற்று தண்ணி மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். வீட்டின் தாழ்ந்த மூலையில் வைத்தால் மற்ற இடத்தைவிட இரண்டு மூன்று பாகை கூடக் குளிரில் மெஷின் நிற்கும். காற்று வெளியேறும் வாய் மே – செப்டெம்பர் தென்மேற்குக் காற்றுக்கு எதிரே இருக்கக் கூடாது. மேலே கூரை, பக்கங்கள் திறந்து. பின்னால் ஒரு அடி, வெளியேறும் பக்கம் நாலைந்து அடி. மூடின ஸ்டோருக்குள் வைத்தால் தானே குளிராக்கின காற்றைத் தானே மறுபடி உறிஞ்சும். காயிலில் பாசி பிடிக்கும், வருஷம் ஒரு தரம் மெல்லத் தண்ணி அடித்துக் கழுவ வேண்டும். ப்ரஷர் வாஷர் தகட்டை மடக்கிவிடும்.

கந்தப்பளைக்காரன்

அப்போ முடிவு: 250 லீற்றர், ஆர்-290, ஒரே உடம்பு. மைனஸ் 5 வரை ஓடுமா, டிஃப்ராஸ்ட் எப்படி, அனோட் எங்கிருந்து கழறும் என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். டைமர் 11 மணிக்கு. கால்சைட் வடிகட்டியும் எர்த்தும் மெஷின் வருமுன் செய்கிறேன். வாரண்டி?

எர்த் கம்பி

கொம்ப்ரசருக்கு ஒன்று, டேங்க்குக்கு ஒன்று, போர்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். டேங்க் வாரண்டியின் அடிவரியைப் படியுங்கள்: அனோட் மாற்றிய பில் காட்ட வேண்டும் என்று பலதில் உண்டு. பி.எச் எல்லையும் சிலதில் இருக்கும்.

குளிர்பொறி

பழையதைத் தூக்கும் முன்: பிரேக்கரை இறக்கி, தண்ணி வால்வை மூடி, மேலே ஒரு சுடுதண்ணி டேப்பைத் திறந்துவிட்டு, அடி வால்வில் ஹோஸ் மாட்டி முழுதாக வடியுங்கள். அடியில் துருச்சேறு கட்டி வால்வு அடைத்தால் ஹோஸ் வழியாக மேல்நோக்கி ஒரு தரம் தண்ணி விட்டால் இளகும். வெறும் மெஷினே நூறு கிலோ சொச்சம் வரும், உங்கள் வீட்டுப் படிக்கு நாலு பேர் வேண்டும். சாய்த்துக் கொண்டுபோனால் பரவாயில்லை, பழையதுதானே. புதுசை மட்டும் நிமிர்த்தியே ஏற்றுங்கள்; லொறியில் படுக்க வைத்து வந்திருந்தால் நிறுத்தி ஒரு நாள் விட்டுத்தான் கரண்ட் கொடுக்க வேண்டும். டேங்க் நிரம்பி, சுடுதண்ணி டேப்பில் காற்றில்லாமல் தண்ணி வந்தபிறகே பிரேக்கரைப் போடுங்கள். காலி டேங்க்கில் எலிமென்ட் ஓடினால் நிமிஷக் கணக்கில் எரிந்துவிடும், அதற்கு வாரண்டி கிடையாது. பழையதில் ஆர்-134ஏ இன்னும் இருக்கிறது. குழாயை வெட்டிக் காற்றில் விடாமல், மீட்டெடுக்கும் மெஷின் வைத்திருக்கிற டெக்னீஷியனிடம் கொடுங்கள். நல்ல கொம்ப்ரசர், உதிரிப்பாகத்துக்காவது எடுப்பார்.